வகுத்துவிட்டால் சரியாகிவிடுமா?

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைத்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன. இரண்டு குழுவினரின் மூளை அளவை ஒப்பிடும்போது தலையின் அளவை என்ன செய்வது? பல்லைக் கடித்துக்கொண்டு எண்கள் எழுதியிருக்கிறேன். ஒரு காகிதமும் பேனாவும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மேடம், நான் முனைவர் பட்ட மாணவி. ஆண்கள் 60 பேர், பெண்கள் 60 பேருக்கு எம்ஆர்ஐ எடுத்து நினைவாற்றலுக்கு உதவும் மூளைப் பகுதியான ஹிப்போகாம்பஸின் கன அளவை ஒப்பிட்டேன். அப்படியே ஒப்பிட்டால் ஆண்களுக்குப் பெரிது. வழிகாட்டி சொன்னபடி மண்டையோட்டின் உள்கொள்ளளவால் வகுத்தேன். பெண்களுக்குப் பெரிது என்று வந்தது. கட்டுரையைப் பரிசீலித்தவர், "வகுக்காதீர்கள், கோவேரியட்டாகப் போடுங்கள்" என்கிறார், அதாவது தலை அளவைச் சமன்பாட்டில் ஒரு தனி மாறியாகச் சேர்க்க வேண்டுமாம். அப்படிப் போட்டால் வித்தியாசமே இல்லை. இந்த மூன்றில் எது உண்மை?

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அதுதான் உங்கள் நிலைமை. பயப்பட வேண்டாம், தரவில் கோளாறு இருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஒரே தரவிலிருந்து இந்த மூன்று விடைகளும் வரும். எனக்கும் வந்தது.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் அது. நான் ஒரு மூளைப் படப்பிடிப்புக் குழுவில் கணக்குப் பார்ப்பவள். மருத்துவர்கள் படம் எடுப்பார்கள், நான் எண்களை மேய்ப்பேன். மண்டையோட்டின் உள்கொள்ளளவை நாங்கள் ஐசிவி என்று சுருக்கிச் சொல்வோம். ஹிப்போகாம்பஸை அந்த ஐசிவியால் வகுத்து, நூறால் பெருக்கி, "பெண்களுக்கு 5 சதவீதம் பெரிது" என்று சுவரொட்டி அடித்து ஒரு மாநாட்டில் மாட்டியும் விட்டேன். மாலையில் வயதான ஒருவர் வந்து எதிரில் நின்றார். வண்ணப் படங்கள் எதையும் அவர் பார்க்கவில்லை. "பெண்களை மட்டும் தனியாக எடுத்து, இந்த விகிதத்தைத் தலை அளவோடு வரைந்து பார்த்தாயாம்மா?" என்று மட்டும் கேட்டுவிட்டு நகர்ந்துவிட்டார்.

பார்க்கவில்லை. இரவு அறைக்குப் போய் மடிக்கணினியில் வரைந்தேன். புள்ளிகள் இடமிருந்து வலமாகச் சரிந்து இறங்கின. பெண்களுக்குள்ளேயே சின்னத் தலைக்காரர்களுக்கு விகிதம் அதிகம், பெரிய தலைக்காரர்களுக்குக் குறைவு. ஆண்களை எடுத்தால் அங்கேயும் அதே சரிவு. அதாவது, தலை அளவின் பாதிப்பை நீக்கிவிட்டேன் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்த எண்ணுக்குள் தலை அளவு அப்படியே உட்கார்ந்திருந்தது, தலைகீழாக. அந்தச் சுவரொட்டி இன்னும் என் அலமாரி மேல் சுருட்டியபடி கிடக்கிறது.

ஏன் இப்படி ஆகிறது? வகுப்பது பார்க்கத்தான் சாதாரணம். உள்ளே ஒரு பெரிய அனுமானம் ஒளிந்திருக்கிறது. தலை 10 சதவீதம் பெரிதானால் ஹிப்போகாம்பஸும் பிசகாமல் 10 சதவீதம் பெரிதாகும் என்று நீங்கள் சத்தியம் செய்து கொடுக்கிறீர்கள். உடம்பு அந்தச் சத்தியத்துக்குக் கட்டுப்படுவதில்லை. வீடு இரண்டு மடங்கு பெரிதானால் வாசல் கதவும் இரண்டு மடங்கா ஆகிறது? கொஞ்சம் அகலமாகும், அவ்வளவுதான்.

இப்போது காகிதத்தை எடுங்கள். இந்த எண்கள் நான் வசதிக்காக வைத்தவை, ஆனால் நிஜத்துக்குப் பக்கத்தில் இருப்பவை. ஒரு பக்க ஹிப்போகாம்பஸ் 1.8 மில்லிலிட்டர், அதோடு ஐசிவியின் ஒவ்வொரு 100 மில்லிலிட்டருக்கும் 0.15 மில்லிலிட்டர் சேரும் என்று வைப்போம். ஆணோ பெண்ணோ எல்லாருக்கும் இதே விதி. பால் வித்தியாசம் என்று துளிகூட நான் கலக்கவில்லை. பெண்களின் சராசரி ஐசிவி 1,400, ஆண்களுடையது 1,600. பெண்களுக்கு 1.8 உடன் 2.1 கூட்டினால் 3.9. ஆண்களுக்கு 1.8 உடன் 2.4 கூட்டினால் 4.2. அப்படியே ஒப்பிட்டால் ஆண்களுக்கு ஏறக்குறைய 8 சதவீதம் பெரிது.

சரி, வகுங்கள். 3.9-ஐ 1,400-ஆல் வகுத்தால் 0.279 சதவீதம். 4.2-ஐ 1,600-ஆல் வகுத்தால் 0.2625 சதவீதம். பெண்களுக்கு 6 சதவீதம் பெரிது! இல்லாத வித்தியாசத்தை வகுத்தல் குறி உற்பத்தி செய்துவிட்டது. எல்லாரையும் 1,500 என்ற ஒரே தலைக்குக் கொண்டுவந்து பாருங்கள். பெண்களுக்கு 100 ஏற்ற வேண்டும், அதற்கு 0.15 கூடும், ஆண்களுக்கு 100 இறக்க வேண்டும், அதற்கு 0.15 குறையும். இருவருக்கும் 4.05. குற்றவாளி அந்த 1.8 தான். தலை எவ்வளவு இருந்தாலும் மாறாத அந்தப் பங்கு, சின்னத் தலையால் வகுபடும்போது பருத்துத் தெரிகிறது.

ஒரு உறுப்பு முழு உடம்போடு ஒரே விகிதத்தில் வளர்வதில்லை என்பது பழைய செய்தி. ஜூலியன் ஹக்ஸ்லியும் ஜார்ஜ் டேசியேயும் 1936-இலேயே அதற்கு அலோமெட்ரி என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஹிப்போகாம்பஸும், அதன் பக்கத்தில் உணர்ச்சிகளோடு தொடர்புள்ள பகுதியான அமிக்டலாவும் தலை வளரும் வேகத்துக்குப் பின்தங்கி வளர்பவை. அதனால் ஐசிவியை அப்படியே போடாமல், 1-ஐவிடச் சிறிய ஓர் அடுக்குக்கு உயர்த்தி அதனால் வகுப்பவர்களும் உண்டு. என் கற்பனைக் கணக்கில் அந்த அடுக்கு ஏறக்குறைய 0.55 வருகிறது. அப்படி வகுத்தால் வகுத்தல்கூட ஒழுங்காக நடந்துகொள்ளும். அடுக்கைத் தரவிலிருந்து கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை.

உங்கள் மூன்று விடைகளுக்கு வருகிறேன். அவை மூன்று வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள். முதலாவது, யாருக்குப் பெரிது? ஆண்களுக்கு. அது பொய் இல்லை. இரண்டாவது, தன் தலைக்குள் அதிகப் பங்கை ஹிப்போகாம்பஸுக்கு யார் கொடுக்கிறார்கள்? பெண்கள். அதுவும் பொய் இல்லை. சின்னத் தலை உள்ள எவரும் அப்படித்தான் கொடுப்பார்கள். மூன்றாவது, ஒரே அளவு தலையுள்ள ஓர் ஆணையும் பெண்ணையும் எடுத்தால் வித்தியாசம் உண்டா? இல்லை. உங்கள் கட்டுரைத் தலைப்பைப் பார்த்தால் நீங்கள் கேட்க நினைத்தது மூன்றாவதைத்தான். இரண்டாவதன் விடையை மூன்றாவதன் விடை என்று எழுதியதுதான் தவறு. பரிசீலித்தவர் பக்கம்தான் நியாயம். வழிகாட்டியிடம் அந்தச் சரியும் புள்ளிகளை வரைந்து காட்டுங்கள், வாயால் வாதம் செய்ய வேண்டாம். என் அனுபவத்தில் பெரியவர்கள் வாதத்துக்கு மசிய மாட்டார்கள், படத்துக்கு மசிவார்கள்.

உங்கள் முடிவு ஒன்றும் தனித்தும் நிற்கவில்லை. ஹிப்போகாம்பஸ் பற்றிய பல ஆய்வுகளை ஒன்றுதிரட்டி 2016-இல் ஒரு தொகுப்பாய்வு வந்தது. திருத்தாமல் பார்த்தால் ஆண்களுக்குப் பெரிது, மூளை அளவுக்கோ ஐசிவிக்கோ திருத்திய பிறகு குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை என்பதுதான் அதன் முடிவு. மறு வருடம் அமிக்டலாவுக்கும் அதே கதைதான் வந்தது. 2019-இல் ஸ்பெயினைச் சேர்ந்த ஒரு குழு, ஒரே மூளைப் படங்களை வைத்துக்கொண்டு திருத்தும் முறையை மட்டும் மாற்றிப் பார்த்தது. எத்தனை பகுதிகளில் வித்தியாசம் வருகிறது, எவ்வளவு வருகிறது, யாருக்குச் சாதகமாக வருகிறது என எல்லாமே முறைக்கு முறை மாறியது. அதைப் படித்த அன்று, அலமாரி மேல் கிடக்கும் என் சுவரொட்டி கொஞ்சம் ஆறுதல் அடைந்திருக்கும்.

வகுத்தல் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். கார்ல் பியர்சன் 1897-இல் எழுதிய கட்டுரை ஒன்றில் ஒரு குறும்பான கற்பனை வரும். ஓர் எலும்புக் கிடங்கிலிருந்து தொடை எலும்பு, கெண்டைக்கால் எலும்பு, மேற்கை எலும்பு என்று கைக்கு வந்ததை எடுத்து மூன்று மூன்றாகச் சேர்த்துவிடுகிறார்கள். யாருடைய எலும்போ யாருடனோ. ஓர் உயிரியலாளர் வந்து, தொடை எலும்பையும் கெண்டைக்கால் எலும்பையும் மேற்கை எலும்பால் வகுத்து, இரண்டு விகிதங்களுக்கும் தொடர்பு இருக்கிறதா என்று பார்க்கிறார். 0.4, 0.5 என்று தொடர்பு வந்து நிற்கிறது! ஒரே மனிதருடைய எலும்புகள்தான் என்று அவர் நம்பிவிடுவார். உண்மையில் இரண்டு விகிதத்துக்கும் பொதுவாக இருந்தது கீழே இருந்த எண் மட்டுமே. மூளையின் இருபது பகுதிகளை ஐசிவியால் வகுத்துவிட்டு, "இவை எல்லாம் ஒன்றோடொன்று எவ்வளவு அழகாகச் சேர்ந்து மாறுகின்றன பாருங்கள்" என்று வரும் கட்டுரைகளை நான் இப்போதும் பரிசீலிக்கிறேன். பியர்சன் சொல்லி நூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

கேள்வி: கோவேரியட்டாகப் போட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா? நோயாளிகளையும் நோயில்லாதவர்களையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே கோடு போட்டு, தலை கூடும்போது மூளைப் பகுதி எவ்வளவு கூடுகிறது என்ற சாய்வை எடுக்கலாமா?

ஒன்றாகச் சேர்க்காதீர்கள். திருத்தம் என்பது, ஒருவருடைய ஐசிவி சராசரியிலிருந்து விலகிய தூரத்தைச் சாய்வால் பெருக்கி, அளந்த எண்ணிலிருந்து கழிப்பது. இதில் சாய்வு எங்கிருந்து வருகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நோய் மூளையை அரிக்கும்போது ஒருவருக்கு அதிகம், ஒருவருக்குக் குறைவு என்று தாறுமாறாக அரிக்கும். தலைக்கும் ஹிப்போகாம்பஸுக்கும் இருந்த உறவு கலைந்துபோகும். ஆகவே இப்படிப்பட்ட நோய்களில் நோயில்லாதவர்களின் சாய்வை எடுத்து எல்லாருக்கும் பயன்படுத்துவேன். ஆண், பெண் ஒப்பீடு போன்றது என்றால், குழுவையும் புள்ளியியல் மாதிரியில் (மாடலில்) ஓர் உறுப்பாகச் சேர்த்து, குழுக்களுக்குள்ளே இருக்கும் சாய்வை எடுக்க வேண்டும். இரண்டு கோடுகளும் இணையாகப் போகின்றனவா என்றும் பார்க்க வேண்டும். இணையாக இல்லையென்றால் "வித்தியாசம் எவ்வளவு" என்பதற்கு ஒற்றை விடை கிடையாது. எந்தத் தலை அளவில் என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கும்.

இரண்டு குழுக்களின் தலைகளும் போதுமான அளவு ஒன்றன்மேல் ஒன்று படிகின்றனவா என்பது அடுத்தது. 1,500 மில்லிலிட்டர் தலை என் கற்பனைக் கணக்கின் பெண்களில் பெரிய தலை, ஆண்களில் சிறிய தலை. "ஒரே தலை அளவில்" என்று சொல்லும்போது சராசரிக்கு மேலுள்ள பெண்களையும் சராசரிக்குக் கீழுள்ள ஆண்களையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துகிறோம் என்பது நினைவிருக்கட்டும். புள்ளியியலாளர் ஃபிரெடரிக் லார்ட் 1967-இல் இதே முடிச்சை வேறு உதாரணத்தால் போட்டுக் காட்டினார். ஒரு பல்கலைக்கழகத்தில் கல்வியாண்டின் தொடக்கத்திலும் முடிவிலும் மாணவர்களின் எடை பார்க்கிறார்கள். ஆண்களின் சராசரியும் மாறவில்லை, பெண்களின் சராசரியும் மாறவில்லை. முதல் புள்ளியியலாளர், "ஒன்றும் நடக்கவில்லை" என்கிறார். இரண்டாமவர் ஆரம்ப எடையைக் கோவேரியட்டாகப் போட்டுவிட்டு, "ஒரே எடையில் தொடங்கியவர்களை எடுத்தால் ஆண்கள்தான் அதிகம் கூடியிருக்கிறார்கள்" என்கிறார். இருவர் கணக்கிலும் பிழை இல்லை. இது லார்டின் முரண் என்றே பெயர் பெற்றுவிட்டது. குழுக்கள் ஆரம்பத்திலேயே விலகி நிற்கும்போது கோவேரியட் எந்தப் பக்கமும் சாராத நடுவர் அல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

நடைமுறையில் என்னை அதிகம் கடித்தது இவை எதுவும் இல்லை. ஐசிவியை மோசமாக அளப்பதுதான். கோவேரியட்டில் இரைச்சல் இருந்தால் சாய்வு மழுங்கிவிடும். மேலே சொன்ன கணக்கையே எடுங்கள். 100 மில்லிலிட்டருக்கு 0.15 என்ற உண்மையான சாய்வு, அளவுப் பிழையால் 0.10 என்று வந்துவிட்டதாக வையுங்கள். இரண்டு குழுக்களுக்கும் இடையே தலையில் 200 வித்தியாசம், 0.30 கழிக்க வேண்டிய இடத்தில் 0.20 தான் கழிப்பீர்கள். மீதி 0.10 மில்லிலிட்டர் ஆண்கள் கணக்கில் தங்கிவிடும். "தலை அளவைத் திருத்திய பிறகும் வித்தியாசம் நீடிக்கிறது" என்று நீங்கள் எழுதுவீர்கள். நீடித்தது தலை அளவேதான்.

கேள்வி: நான் மருத்துவர். அல்சைமர் நோயாளிகளைப் பற்றிய ஒரு சிறு ஆய்வு. ஐசிவியால் திருத்துவதா, மொத்த மூளை அளவால் திருத்துவதா? ஐசிவி எடுப்பது சிரமமாக இருக்கிறது டாக்டர், மொத்த மூளை அளவு மென்பொருளே கொடுத்துவிடுகிறது.

நான் மருத்துவர் இல்லை, வெறும் கணக்குப்பிள்ளை. பரவாயில்லை.

ஐசிவிதான். குழந்தைப் பருவத்தில் மூளை வளர்வதால்தான் மண்டையோடு விரிகிறது. ஆறு வயதுக்குள் மூளை பெரியவர்களின் அளவில் சுமார் 90 சதவீதத்தை எட்டிவிடும். அப்புறம் முதுமையில் மூளை சுருங்கும். எலும்பு அதோடு சேர்ந்து சுருங்காது. அலை இறங்கிய பிறகும் கரையில் தெரியும் ஈரக்கோடு மாதிரி, இவருடைய மூளை ஒரு காலத்தில் எவ்வளவு இருந்தது என்பதை மண்டையோடு பிடித்து வைத்திருக்கிறது. உங்களுக்கு வேண்டியது அந்தப் பழைய அளவு. மொத்த மூளை அளவும் நோயால் சுருங்கியிருப்பதால், அதால் திருத்தினால் நோயின் பாதிப்பில் ஒரு பகுதியை நீங்களே அழித்துவிடுவீர்கள். "மற்ற இடங்களைவிட ஹிப்போகாம்பஸ் கூடுதலாகச் சுருங்கியதா" என்பது உங்கள் கேள்வியாக இருந்தால் மட்டும் மொத்த மூளை அளவு பொருந்தும். அது வேறு கேள்வி.

ஐசிவி எடுப்பது ஏன் சிரமம் என்றால், நாம் வழக்கமாக எடுக்கும் டி1 என்ற வகை எம்ஆர்ஐ படத்தில் மூளையைச் சூழ்ந்த நீரும் கருப்பு, எலும்பும் கருப்பு. எது எங்கே முடிகிறது என்று கண்ணுக்கே குழப்பம். டி2 படத்தில் நீர் வெள்ளையாக ஒளிரும், எலும்பு கருப்பாகவே நிற்கும். எல்லை பளிச்சென்று தெரியும். டி2 இருந்தால் அதையும் பயன்படுத்துங்கள். ஃப்ரீசர்ஃபர் மாதிரியான சில மென்பொருள்கள் வழக்கமாக மண்டையோட்டின் எல்லையைத் தேடுவதில்லை. ஒரு மாதிரித் தலையோடு பொருத்த உங்கள் நோயாளியின் தலையை எவ்வளவு இழுக்கவோ சுருக்கவோ வேண்டியிருந்தது என்பதிலிருந்து ஐசிவியை ஊகிக்கின்றன. பெரும்பாலும் நன்றாகவே ஊகிக்கும். ஆனால் அந்தப் பொருத்தம் மூளையின் அளவாலும் கொஞ்சம் இழுபடும். மூளை சுருங்கியவருக்கு ஐசிவியும் சற்றுக் குறைத்து வரக்கூடும், அல்சைமரில் அதுதான் நமக்கு ஆகாதது.

அப்புறம், எண்களை மட்டும் பார்த்துவிட்டு விடாதீர்கள். ஒருமுறை குள்ளமான ஒரு மூதாட்டிக்கு 2,140 மில்லிலிட்டர் என்று வந்தது. அட்டவணையில் அது இன்னொரு வரிசை, அவ்வளவுதான். படத்தைத் திறந்தால் கழுத்துவரை படம் பிடித்திருந்தார்கள். மென்பொருள் கழுத்தையும் சேர்த்து இழுத்து மாதிரித் தலைக்குள் திணிக்கப் பார்த்திருக்கிறது. படத்தின் கீழ்ப்பகுதியை வெட்டிவிட்டு மறுபடி ஓட்டினேன், 1,370. அந்த ஒரு வரிசையை எடுத்ததும் குழுவின் சாய்வே மாறிவிட்டது. சிறு ஆய்வு என்கிறீர்கள், அதனால் ஒவ்வொரு படத்தையும் திறந்து பார்க்க உங்களுக்கு நேரம் இருக்கும்.

ஒப்பீட்டுக் குழுவுக்கு இளைஞர்களை எடுக்க நினைத்திருந்தால் இதையும் கேளுங்கள். அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஆய்வில் 1930-களில் பிறந்தவர்களின் ஐசிவி சராசரியாக 1,234 மில்லிலிட்டர், 1970-களில் பிறந்தவர்களுடையது 1,321 என்று 2024-இல் வெளியிட்டார்கள். தலைமுறைக்குத் தலைமுறை தலையே மாறுகிறது. ஐசிவியைக் கணக்கில் எடுக்காமல் தாத்தாவையும் பேரனையும் ஒப்பிட்டால், தாத்தாவுக்கு ஒருபோதும் இல்லாத மூளையை அவர் இழந்துவிட்டதாகக் கணக்கு எழுதிவிடுவோம்.

கேள்வி: எனக்கு ஆராய்ச்சி எல்லாம் தெரியாது. என் தலை பெரிது, எந்தத் தலைக்கவசமும் பொருந்தாது. வீட்டில் "மண்டை மட்டும்தான் பெரிசு" என்று கிண்டல் செய்கிறார்கள். பெரிய தலைக்குள் மூளை அதிகமா இல்லையா?

அதிகம்தான். ஆனால் கிண்டலுக்குப் பதிலடியாக அது உதவாது. எழுத்தாளர் துர்கனேவின் மூளை 2,012 கிராம் என்று பதிவாகியிருக்கிறது. நோபல் பரிசு வாங்கிய அனத்தோல் பிரான்சுடையது 1,017 கிராம், ஏறக்குறைய பாதி. ஐன்ஸ்டீனுடையது 1,230 கிராம், சாதாரணம்.

உங்கள் வீட்டாரைவிடப் பெரிய மனிதர்களே இதில் வழுக்கியிருக்கிறார்கள். பாரிஸில் பால் புரோக்கா என்ற புகழ்பெற்ற மருத்துவர் மூளைகளை எடுத்து எடை போட்டார். 292 ஆண்களின் சராசரி 1,325 கிராம், 140 பெண்களின் சராசரி 1,144 கிராம். வித்தியாசம் 181. உடம்பு சிறிதாக இருப்பது இதற்கு ஓரளவு காரணம் என்று அவரே 1861-இல் ஒப்புக்கொண்டார். எவ்வளவு என்று மட்டும் கணக்கிட மறுத்துவிட்டார். பெண்களுக்கு அறிவு கொஞ்சம் குறைவுதானே, பிறகு எதற்குக் கணக்கு என்கிற தொனியில். நூறு வருடத்துக்கும் மேல் கழித்து ஸ்டீபன் ஜே கோல்ட் அதே எண்களை எடுத்து, உயரத்துக்கும் வயதுக்கும் திருத்தினார். 181 கிராம் 113 ஆகச் சுருங்கியது. மிச்சமும் பெண்களின் அறிவைப் பற்றி எதுவும் சொல்லாது. உயரம் ஒன்றே உடம்பின் அளவை முழுக்கச் சொல்லிவிடுவதில்லை. புரோக்காவிடம் ரிக்ரெஷன் என்ற கோடு பொருத்தித் திருத்தும் முறை இருக்கவில்லை, சரி. ஒரே உயரமுள்ள ஆண்களையும் பெண்களையும் தனியே எடுத்துப் பார்க்கவாவது பேனாவும் தாளும் இருந்தனவே?

கேள்வி: கருவிலேயே மதுவின் பாதிப்புக்கு ஆளான குழந்தைகளைப் பற்றி ஆய்வு செய்கிறோம். திருத்தாமல் பார்த்தால் மூளையின் எல்லாப் பகுதிகளும் சிறியவை. ஐசிவியைக் கோவேரியட்டாகப் போட்டதும் பெரும்பாலான வித்தியாசங்கள் காணாமல் போய்விட்டன. மது மூளையைப் பாதிக்கவில்லை என்று எழுதலாமா?

எழுதாதீர்கள்! இந்தக் கடிதத்துக்காகத்தான் மற்றதையெல்லாம் கொஞ்சம் சுருக்கினேன்.

மேலே அந்த மருத்துவருக்கு ஐசிவிதான் என்று அடித்துச் சொன்னேன். காரணம், அல்சைமர் வரும்போது மண்டையோடு எப்போதோ வளர்ந்து முடிந்துவிட்டது. நோய் அதைத் தொடவில்லை. உங்கள் குழந்தைகளின் கதை வேறு. மது மூளையின் வளர்ச்சியைத் தடுத்தது. மூளை வளராததால் மண்டையோடு விரியவில்லை. தலை சிறுத்ததே மதுவின் வேலை. அந்தத் தலையைக் "கட்டுப்படுத்திவிட்டு" பார்த்தால், திருடனைக் காட்டிக்கொடுக்கும் கால்தடத்தை நாமே பெருக்கித் தள்ளிவிட்டு, திருட்டே நடக்கவில்லை என்பதுபோல் ஆகும். காரணத்துக்கும் விளைவுக்கும் நடுவில் நிற்கிற ஒன்றை மாதிரியில் போட்டால், அதன் வழியாக வந்த விளைவு முழுவதும் மறைந்துவிடும். மென்பொருள் இதை எச்சரிக்காது. கோவேரியட் பெட்டியில் எதைப் போட்டாலும் வாங்கிக்கொள்ளும்.

ஆகவே உங்கள் முதல் அட்டவணை திருத்தாத அளவுகளாக இருக்கட்டும். ஐசிவியையே ஒரு விளைவாக அதில் முதல் வரிசையில் போடுங்கள். இரண்டாவது அட்டவணை ஐசிவி சேர்த்தது. ஆனால் அதன் தலைப்பு "தலை சிறுத்ததற்கும் மேலாகக் கூடுதலாகப் பாதிக்கப்பட்ட பகுதிகள்" என்று இருக்க வேண்டும். அங்கே மிஞ்சி நிற்கும் ஒன்றிரண்டு பகுதிகள் உண்மையில் சுவையானவை, அவற்றைப் பற்றி விரிவாக எழுதுங்கள். மற்ற பகுதிகள் தப்பித்துவிட்டன என்று மட்டும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லா நோய்களும் இவ்வளவு தெளிவாகப் பிரியாது. மனச்சிதைவு நோயில் ஐசிவி சராசரியில் சற்றுக் குறைவாக இருக்கும். ஏடிஎச்டி (கவனக்குறைவு, மிகைச் செயல்பாடு) உள்ள குழந்தைகளிலும் சிறு குறைவு உண்டு. அந்தக் குறைவு நோயின் வேரிலிருந்து வந்ததா, வேறு வழியாக வந்ததா என்று படத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. அங்கே நான் இரண்டு அட்டவணையும் போட்டுவிட்டு, எந்த அனுமானத்தில் எது பொருந்தும் என்று ஒரு பத்தி எழுதுவேன். பரிசீலிப்பவர்கள் ஒன்றை நீக்கச் சொல்வார்கள். நீக்காதீர்கள்.

கேள்வி: மூளையின் மேலடுக்கான புறணியின் தடிமனையும் ஐசிவியால் வகுக்க வேண்டுமா? வெண்பொருளுக்கு?

தடிமனை வகுக்காதீர்கள். பெரிய மூளையில் புறணி முக்கியமாக விரிந்து மடிகிறது, தடிப்பதில்லை. தடிமனுக்கும் தலை அளவுக்கும் உள்ள உறவு மிகப் பலவீனம். அதைப் போய் ஐசிவியால் வகுத்தால், பெரிய தலைக்காரர்கள் எல்லாருக்கும் புறணி மெலிந்துவிட்டதாக வரும். தவிர, ஒரு நீளத்தைக் கன அளவால் வகுக்கிறோம் என்பதே முதலில் உறுத்தியிருக்க வேண்டும்.

மூளைப் பகுதிகளை இணைக்கும் நரம்பிழைகளான வெண்பொருள் நேர் எதிர். பாலூட்டிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், நரம்பணுக்கள் நிறைந்த சாம்பல்பொருளின் 1.23 அடுக்காக வெண்பொருள் வளர்கிறது என்று 2000-ஆம் ஆண்டு கணக்கிட்டிருக்கிறார்கள். மனிதர்களுக்குள்ளும் பெரிய மூளையில் வெண்பொருளின் பங்கு சற்றுக் கூடும். வகுத்தால் இங்கே பெரிய தலைக்காரர்களுக்குச் சாதகமாகப் பிழை வரும், ஹிப்போகாம்பஸில் வந்ததற்கு மறுபக்கம். உங்கள் கோப்பில் "தடிமன் வகுத்தல் ஐசிவி" என்று ஒரு நெடுவரிசை இருந்தால் இன்றே அழித்துவிடுங்கள். வெண்பொருள் நெடுவரிசையை முதலில் ஐசிவியோடு வரைந்து பார்த்துவிட்டு எனக்கு அனுப்புங்கள்.